ஃபுல் ஃபிரேம் கேமரா: கூடுதலாகக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

கெனான் ஆர்6 மார்க் 2 என்கிற கேமரா 2022 கடைசியில் வந்தது, பாடி மட்டும் (லென்ஸ் இல்லாமல்) 2,499 டாலர். சில மாதம் கழித்து 2023-இல் அதே கம்பெனி ஆர்8 என்று இன்னொன்றை 1,499 டாலருக்கு விட்டது. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே 24.2 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார்தான், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. ஒரே லென்ஸை மாட்டி, ஒரே செட்டிங்கில், காலை வெளிச்சத்தில் பாம்பன் பாலத்தை இரண்டிலும் எடுத்து அருகருகே வைத்தால், எது விலை கூடிய கேமரா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்போ அந்த ஆயிரம் டாலர் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் ஃபுல் ஃபிரேம் கேமராக்களை ஒப்பிடுவதில் பாதி வேலை முடிந்தது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கல்யாண வேலைக்குப் புதிதாக இறங்கும் தம்பிகளும், பூநாரை பார்க்கத் தனுஷ்கோடி போகிறவர்களும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "எது வாங்கினா படம் நல்லா வரும்?" விலைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காசு எட்டுகிற இடத்தில் கை வைத்துவிடுகிறார்கள். விலை ஏற ஏற படமும் அதே அளவுக்கு ஏறும் என்ற நம்பிக்கை. அது முழுதாக உண்மை இல்லை, சில இடங்களில் நேர் எதிராகவே இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே போவோம்.

ஃபுல் ஃபிரேம் என்றால் சென்சாரின் அளவு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். இந்த அளவு டிஜிட்டல் காலத்தில் பிறந்தது இல்லை. லைட்ஸ் கம்பெனி 1925-இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த சின்னக் கேமராவில் 35 மி.மீ. ஃபிலிமில் விழுந்த படத்தின் அளவு அது, நம் ஊர் ஸ்டூடியோக்களில் ரோல் போட்டு எடுத்த காலம் வரை அதே அளவுதான் ஓடியது. அதைவிடச் சின்னது ஏபிஎஸ்-சி எனப்படும் சென்சார், ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மி.மீ. (கெனானில் இன்னும் கொஞ்சம் சின்னது). பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேம் 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 367. அதாவது ஃபுல் ஃபிரேம் இரண்டே கால் மடங்கையும் தாண்டிப் பெரிது.

பெரிதாக இருந்தால் என்ன லாபம்? வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள், எல்லாப் பாத்தி மேலும் ஒரே வெயில்தான் அடிக்கிறது, ஆனாலும் பெரிய பாத்தியில் உப்பு கூடுதலாக விளைகிறது. சென்சாருக்கும் அதே கணக்கு. ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் வேகம் என்று வைத்தால் பெரிய சென்சார் மொத்தத்தில் அதிக வெளிச்சம் வாங்குகிறது. வெளிச்சம் என்பது துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிற விஷயம். குறைவாக விழும்போது அந்த ஒழுங்கின்மை படத்தில் மணல் தூவியது போலத் தெரியும், அதைத்தான் நாய்ஸ் என்கிறோம், கிரெய்ன் என்றும் சொல்வார்கள். வெளிச்சம் நாலு மடங்கானால் படத்தோடு ஒப்பிடும்போது நாய்ஸ் பாதியாகும். ஆக, இரவில் கிரெய்ன் குறைவாக வருவதற்குக் காரணம் சென்சாரின் பரப்பளவு வாங்கும் வெளிச்சம்தான். இந்த லாபத்தை ஸ்டாப் கணக்கில் (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்) சொன்னால் ஒன்றேகால் ஸ்டாப் பக்கம் வரும். ஏபிஎஸ்-சியில் 3200 ஐஎஸ்ஓவில் (படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற அமைப்பு) பார்க்கும் கிரெய்னை, அதே தலைமுறை ஃபுல் ஃபிரேமில் 7000 பக்கம் போனால்தான் பார்ப்பீர்கள்.

நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றேகால் ஸ்டாப் என்பது லென்ஸில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஏர்வாடி சந்தனக்கூடு ஊர்வலம் போல ஓர் இரவு வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆர்8-ஐ அதோடு வரும் 24-50 கிட் லென்ஸோடு கொண்டுவருகிறார், 50 மி.மீ.யில் அந்த லென்ஸ் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). பக்கத்தில் நிற்பவர் கையில் சோனி ஏபிஎஸ்-சி பாடி ஒன்று, அதில் சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ். 2016-இல் 339 டாலருக்கு வந்த லென்ஸ் அது, இரண்டு பேருக்கும் கிடைக்கும் காட்சியின் அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஃப்/1.4 ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 20 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சென்சார் சின்னது என்று இரண்டே கால் மடங்கைக் கழித்துவிட்டாலும் ஏபிஎஸ்-சிக்காரர் எட்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்குகிறார். ஃபுல் ஃபிரேம்காரர் பாடிக்குக் கொட்டிய காசெல்லாம் அந்த இரவில் வேலைக்கு ஆகவில்லை. பட்ஜெட் முழுவதையும் பாடிக்கே கொடுத்துவிட்டு "லென்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படுகிறது, ஏனென்றால் அந்த அப்புறம் பலருக்கு வருவதே இல்லை.

பின்னணி மங்கலாக வருவதும் இதே கணக்கில் அடங்கும். ஏபிஎஸ்-சியில் எஃப்/1.4 கொடுக்கும் மங்கல் ஃபுல் ஃபிரேமில் எஃப்/2 சுற்றி வைத்தால் கிடைத்துவிடும், அதனால் ஃபுல் ஃபிரேமில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இருந்தாலே போர்ட்ரெய்ட் அழகாக வரும். அதிலும் கெனான் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 வெளியானபோது 199 டாலர்தான், சோனியின் அதே அளவு லென்ஸ் 249. நிக்கான் இசட் 50 எஃப்/1.8 மட்டும் 599, ஆனால் அது ஓரம் வரைக்கும் கூர்மையாக இருக்கும் வேறு தரத்து லென்ஸ், காசுக்கு நியாயம் செய்கிறது.

இங்கே ஏன் டாலரில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நம் நாட்டில் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, பண்டிகைக்குக் கேஷ்பேக் வருகிறது, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. வெளியான நாளின் டாலர் விலை மாறாது, ஒன்றோடொன்று ஒப்பிட அதுதான் நேர்மையான அளவு. கடைக்குப் போகும்போது அன்றைய ரூபாய் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போ சென்சார் ஏன் இவ்வளவு விலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் தட்டு ஒன்றிலிருந்து வெட்டி எடுக்கும் சில்லு பெரிதாக ஆக, ஒரு தட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். எங்கேயாவது ஒரு குறை விழுந்தால் வீணாகும் துண்டும் பெரிது. அதனால் ஆரம்பத்தில் ஃபுல் ஃபிரேம் சாதாரண மனிதர் தொட முடியாத விலையில் இருந்தது. 2002-இல் வந்த கெனான் 1டிஎஸ் 11 மெகாபிக்சல், விலை 7,999 டாலர். 2005-இல் 5டி வந்தபோது 3,299. 2019-இல் ஆர்பி வந்தபோது 1,299. பதினேழு வருஷத்தில் ஆறில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. ஆக இன்றைக்குச் சென்சாரின் அளவு மட்டும் விலையை ஏற்றவில்லை, ஏற்றுவது வேறு விஷயங்கள்.

என்ன விஷயங்கள்? ஆர்8, ஆர்6 மார்க் 2 இரண்டுக்கும் திரும்பி வருவோம். கூடுதல் ஆயிரம் டாலருக்குக் கிடைப்பவை: சென்சாரையே அசைத்துக் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன், பெரிய பேட்டரி, இரண்டு கார்டு ஸ்லாட், ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக், முழு மெக்கானிக்கல் ஷட்டர், இன்னும் கெட்டியான உடம்பு. ஒன்றுகூட பிக்சலின் தரத்தை மாற்றாது. ஆனால் கல்யாண வேலை செய்பவருக்கு இரண்டு கார்டு ஸ்லாட் ஒன்றே அந்த ஆயிரத்துக்குச் சமம். கீழக்கரையில் ஒரு நிக்காஹ் எடுத்துக்கொண்டிருக்கும்போது கார்டு செத்துப்போனால் அந்தக் குடும்பத்திடம் போய் என்ன சொல்ல முடியும்? இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் கேமரா உள்ளவர் நிம்மதியாகத் தூங்குவார். வீட்டுக்காக, ஆசைக்காக எடுப்பவருக்கு அந்த ஸ்லாட் தேவையே இல்லை, ஆர்8 வாங்கி மிச்சக் காசில் நல்ல லென்ஸ் வாங்கினால் ஆர்6-ஐ கிட் லென்ஸோடு வைத்திருப்பவரைவிடப் படம் தெளிவாக மேலே நிற்கும்.

விலை ஏறினால் படத் தரம் இறங்கவும் செய்யலாம் என்று மேலே சொன்னேன், அதற்கு நிக்கானிலேயே சாட்சி இருக்கிறது. இசட்6 மூன்றாம் பதிப்பு 2024-இல் 2,499 டாலருக்கு வந்தது. அதன் சென்சார் பாதி அடுக்கு முறையில் செய்தது, படத்தை மிக வேகமாகப் படித்து வெளியே அனுப்பும், அதனால் வீடியோவிலும் தொடர் ஷாட்டிலும் அசத்தும். ஆனால் அந்த வேகத்துக்குக் கொடுத்த விலையாக, குறைந்த ஐஎஸ்ஓவில் நிழல் பகுதிகளைத் தூக்கிப் பார்க்கும்போது நாய்ஸ் முந்தைய பதிப்பைவிட அதிகம், அளந்து பார்த்தவர்கள் பலரும் இதையே சொன்னார்கள். அடுத்த வருஷம் வந்த இசட்5 இரண்டாம் பதிப்பு 1,699 டாலர்தான், அதில் இருப்பது பழைய இசட்6 வரிசையின் வழியில் வந்த 24 மெகாபிக்சல் சென்சார், நிழலில் இதுதான் சுத்தம். சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு இன்னும் பெரிய உதாரணம். படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் உள்ள கேமரா, 5,999 டாலர். அதன் ஐஎஸ்ஓ 250-இல்தான் தொடங்குகிறது, அசையாத நிலக்காட்சியில் அதன் விலையில் பாதிகூட இல்லாத ஏ7 நான்காம் பதிப்பு அதைவிட அகலமான வெளிச்ச வீச்சைப் பிடித்துவிடும். ஓடுகிற விளையாட்டு வீரரை எடுப்பவருக்காகச் செய்த கருவியை, நின்றுகொண்டிருக்கும் கலங்கரை விளக்கத்தை எடுக்க வாங்குவது காசை வீணாக்குவதுதான்.

இந்த வெளிச்ச வீச்சு, அதாவது டைனமிக் ரேஞ்ச், நம் கடற்கரைக்கு ரொம்ப முக்கியம், கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்துக்கு உச்சி வெயிலில் போய் நில்லுங்கள். வெள்ளை மணல், கண் கூசும் வானம், நடுவில் பவளக்கல் சுவரின் கறுத்த நிழல். செல்போன் பல ஷாட்டைச் சேர்த்துத் தைத்துச் சமாளிக்கும், தைத்தது தெரியவும் செய்யும். நல்ல ஃபுல் ஃபிரேமில் வானம் வெளுத்துப் போகாதபடி கொஞ்சம் இருட்டாகவே ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிழலை மட்டும் மூன்று ஸ்டாப் தூக்கினால் கல்லின் ஒவ்வொரு துளையும் தெளிவாக வெளியே வரும். விலை குறைந்த ஃபுல் ஃபிரேம் எல்லாமே இதைச் செய்துவிடாது. மேலே சொன்ன கெனான் ஆர்பியின் சென்சார் 2017-இல் வந்த 6டி மார்க் 2-இல் இருந்தது, குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலைத் தூக்கினால் கிரெய்ன் சீக்கிரமே தலை காட்டும். கல்யாணத்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் அது போதும், உச்சி வெயில் நிலக்காட்சிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அதே நேரம், பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் டிரைபாட் போட்டு, 2025-இல் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலத்தை விடியலுக்கு முன் எடுக்கிறீர்கள் என்றால், ஏபிஎஸ்-சிக்கும் ஃபுல் ஃபிரேமுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட கரைந்துவிடும். பாலம் ஓடப்போவதில்லை, ஐஎஸ்ஓ 100-இல் வைத்து ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து விட்டால் வேண்டிய வெளிச்சம் வந்துவிடும். அங்கே படத்தைக் கெடுப்பது காற்றும், லாரி போகும்போது பாலம் அதிர்வதும்தான். வண்டி இல்லாத இடைவெளி பார்த்து அழுத்துங்கள்.

மெகாபிக்சல் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளி, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல பிரிண்டில் 20-க்கு 13 அங்குலம் வரும். கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 தாளில் நாலைந்து படம் வைப்போம், அதற்கு இது தாராளம். ஃபிளெக்ஸ் பேனர் தூரத்திலிருந்து பார்ப்பது, அதற்கு இன்னும் குறைவாக இருந்தாலே போதும். 61 மெகாபிக்சல் கேமரா வாங்கினால் ஹார்டு டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவையும் கேமரா விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் மெகாபிக்சல் உண்மையிலேயே உதவும், அது பறவை எடுப்பவர்கள். குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும், ரோட்டிலிருந்து தூரம். பக்கத்தில் போகவும் கூடாது, எழுந்து பறந்துவிட்டால் இரை தேடும் நேரத்தை நாம் பறித்த மாதிரி. 600 மி.மீ. லென்ஸ் போட்டாலும் பறவை சின்னதாகத்தான் இருக்கும், படத்தின் ஓரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10, 11 மெகாபிக்சல்தான். 45 மெகாபிக்சல் கேமராவில் வெட்டினால் 19 பக்கம் மிஞ்சும், ஆனால் நிக்கான் இசட்8 போன்ற அந்தக் கேமரா 3,999 டாலருக்கு வந்தது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி பாடி ஒன்று, அதே லென்ஸில், வெட்டாமலே அந்தப் பறவை மேல் 24 மெகாபிக்சலையும் வைக்கிறது. அதனால் பட்ஜெட்டில் பறவை எடுக்க வருபவர்களிடம் ஃபுல் ஃபிரேம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், காசை நீள லென்ஸில் போடுங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் சரணாலயங்களுக்கும் இதே பேச்சுதான்.

லென்ஸ் விலையைப் பார்க்காமல் பாடியை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மூன்று பெரிய கம்பெனியின் ஃபுல் ஃபிரேம் 24-70 எஃப்/2.8 லென்ஸும் 2,300 டாலர் பக்கத்தில்தான் வெளியாயின, அதாவது ஆர்8, இசட்5 இரண்டாம் பதிப்பு போன்ற பாடிகளைவிட விலை கூடுதல். இதில் சோனி பக்கம் ஒரு வசதி, டாம்ரான் 28-75 எஃப்/2.8 போன்ற வெளிக் கம்பெனி லென்ஸ் 2018-இலேயே 799 டாலருக்கு வந்துவிட்டது. நிக்கான் இசட் மவுண்டிலும் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) டாம்ரான் கிடைக்கிறது. கெனான் ஆர்எஃப் மவுண்டில் வெளிக் கம்பெனி ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை 2024-இல் அனுமதித்தபோதும் அது ஏபிஎஸ்-சிக்கு மட்டும்தான். பாடி விலையில் ஆர்8 மலிவாகத் தெரிந்தாலும் இரண்டு நல்ல ஜூம் லென்ஸ் வாங்கும்போது சோனியோ நிக்கானோ மொத்தத்தில் மலிவாகிவிடலாம். என்னிடம் கேட்பவர்களிடம் பாடியையும் இரண்டு லென்ஸையும் சேர்த்து ஒரே தாளில் விலை எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அந்தத் தாளில் பெரும்பாலும் முதலில் ஆசைப்பட்ட கேமரா ஜெயிப்பதில்லை.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்மையான வழி உண்டு. இரண்டு கேமராவிலும் ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர், ரா ஃபைல். கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கிய பிறகு பாருங்கள். 61 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி, பக்கத்தில் 24-ஐயும் நூறு சதவீதம் வைத்துப் பார்த்தால் 61-தான் அழுக்காகத் தெரியும், அது பொய்த் தோற்றம். கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக் வைத்தும் ஒப்பிட வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி நிறமும் மழமழப்பும் வேறு. கடையில் நின்று இதைச் செய்ய விட மாட்டார்கள், ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பாருங்கள், லட்ச ரூபாய்க்கு மேல் போடும் முன் அந்த வாடகை ஒன்றும் பெரிதில்லை.

அப்புறம் உப்புக் காற்று. இங்கே படத் தரத்தைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இது வருவதே இல்லை. அரிச்சல்முனையில் காற்று வீசும்போது லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். மிரர்லெஸ் எனப்படும் கண்ணாடி இல்லாக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் வெளியே பார்த்தபடி இருக்கும், மணல் துகள் ஒன்று உட்கார்ந்தால் வானம் வரும் ஒவ்வொரு படத்திலும் கறுப்புப் புள்ளி. ஏசி ரூமிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்தால் லென்ஸில் பனி படரும், பையை மூடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, டிரைபாட் காலைக் கழுவிக் காய வையுங்கள். தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் பாடியின் சீலிங்குக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் நம் ஊரில் நியாயம் இருக்கிறது, மலைப் பக்கத்துக்காரருக்கு இருப்பதைவிட அதிகமாகவே.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல யோசனை. சோனி ஏ7 மூன்றாம் பதிப்பு, நிக்கான் டி750 எல்லாம் வயதானாலும் படத் தரத்தில் இன்றைய கேமராவுக்கு அவ்வளவாகப் பின்தங்கவில்லை, ஃபோகஸ் வேகத்தில்தான் பின்தங்கியிருக்கின்றன. ஆனால் கடற்கரையில் புழங்கிய கேமராவை ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். மேலே ஃபிளாஷ் மாட்டும் தகட்டையும் அடியில் உள்ள திருகாணிகளையும் பாருங்கள், துரு இருந்தால் உள்ளேயும் இருக்கும். பேட்டரி அறையைத் திறந்து செம்புப் பட்டையில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸின் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து முன்னாலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், அது கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும்.